கலங்கல் வழியே போன பள்ளிக்கூடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் செய்த எதற்கும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதாக இல்லை. அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். (மெரூன் கலர், கல்யாணத்துக்கு எடுத்தது. கறை இன்னும் போகவில்லை.)

அப்போது நான் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு சின்ன தனியார் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். டெம்பரரி. "பர்மனென்ட் எப்போ சார்?" என்று கேட்டால், தாளாளர் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "பார்க்கலாம் மிஸ்" என்பார். மரியாதைக்கு நானும் ஃபேனைப் பார்ப்பேன். இப்படி நாங்கள் இருவரும் அந்த ஃபேனை நிறைய பார்த்திருக்கிறோம்.

அந்த வருடம் நாம் வாழும் பகுதியைப் பற்றி ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. நிலம், வளம், வரலாறு எல்லாம் அதில் வரும். "நம்ம ஏரியாவோட நீர்வளம் என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில், "கேன் மிஸ்!" என்றது.

"கேன்ல தண்ணி எங்கேருந்து வருது?"

"குட்டியானைல மிஸ்."

(குட்டியானை என்பது சின்ன லோடு வண்டி. வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம்.)

"சரி, நம்ம ஊர்ல உயரமான இடம் எது?"

"ஃப்ளைஓவர் மிஸ்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளைகள் மேல் இல்லை. பள்ளி மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஏரி தெரியும். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் நீலகிரிக்கு மலை இருக்கிறது, தஞ்சாவூருக்கு டெல்டா இருக்கிறது, எங்களுக்கு மட்டும் பூகோளமே கிடையாதாம். எங்கோ இருக்கும் ஊர்களின் ஆற்றையெல்லாம் ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் தெருவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியவில்லை. இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். நான் எதையாவது விடக்கூடாது என்று முடிவு செய்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாக வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

பள்ளிக் கண்காட்சி வந்தது. "வழக்கம்போல தெர்மாகோல்ல ஒரு மாடல் பண்ணிடுங்க மிஸ்" என்றார் தாளாளர். முடியாது என்றேன். தெர்மாகோலில் பச்சை பெயின்ட் அடித்து, நீலக் காகிதத்தை ஒட்டி, ஏரி என்று சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது. நிஜ மண், நிஜத் தண்ணீர், மைதானத்திலேயே செய்கிறோம் என்றேன். அவர் ஃபேனைப் பார்த்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் கணவர் சேகரின் பைக்கில் ஏறி, ஏரியிலிருந்து எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு வருவோம். சேகருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டிய சினிமாக்கு இட்டுனு போறான். நான் மட்டும் சாக்கடைய காட்டினு கீறேன்" என்று புலம்புவார். "சாக்கடை இல்ல, உபரிநீர்க் கால்வாய்" என்று திருத்துவேன். பக்கத்தில் இருந்த கால்வாயைப் பிள்ளைகளையும் கூட்டிப் போய் நடந்தே காட்டினேன். அது போகப் போகக் குறுகி, கடைசியில் எங்கள் பள்ளிக் காம்பவுண்டு சுவரில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மாடல் பிரமாதமாக வந்தது. களிமண்ணில் ஏரிக்கரை. கரையில் பி.வி.சி. பைப்பில் ஒரு மதகு. அதைத் திறந்தால் கீழே இருக்கும் குட்டி வயல்களுக்குத் தண்ணீர் பாயும். ஓரத்தில் உடைந்த டைல்ஸை வைத்துக் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். அங்கிருந்து பழைய கால்வாய். தீப்பெட்டிகளில் தொழிற்சாலைகள், பற்பசை டப்பாவில் ரயில். பிள்ளைகள் அவரவர் வீட்டைச் செய்து அவரவர் தெருவில் வைத்தார்கள்.

தாளாளர் தன் பங்குக்கு ஆள் வைத்து அட்டையில் பள்ளிக்கூடம் செய்து கொண்டுவந்தார். மூன்று மாடி, கொடிக்கம்பம், பேட்டரியில் மினுக்கும் சீரியல் பல்புகள். "நல்லா தெரியற இடத்துல வைங்க மிஸ்" என்றார். நான் அது நிஜத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே வைத்தேன். கால்வாயின் மேல். அவர் பல்பு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

கண்காட்சியன்றே அடுத்த வருட அட்மிஷனும் தொடங்கியது. வந்த பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பளபளப்பான நோட்டீஸ். அதில் 'மழைநீர் தேங்காத வளாகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. காலையிலேயே தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பர்மனென்ட் மிஸ். இன்னிக்கு ஸ்டேஜ்லயே அறிவிச்சிடறேன்" என்றார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த மெரூன் புடவையில் நான் தரையில் நடக்கவே இல்லை.

சிறப்பு விருந்தினர் எங்கள் பக்கத்தில் மனை விற்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ரிப்பன் வெட்டுவது பழசு, மதகு திறப்பு விழா வைக்கலாம் என்பது என் யோசனைதான். அணையைத் திறக்கும்போது மலர் தூவுவதை டிவி செய்தியில் பார்த்திருப்பீர்களே, அதேபோல. அதற்காக ஒரு சின்னத் தட்டில் ரோஜா இதழ் வாங்கி வைத்திருந்தேன். தாளாளரோ கோயம்பேட்டிலிருந்து ஒரு கூடை சாமந்தியை இறக்கியிருந்தார்.

கட்டடத்தின் பின்னால் வாட்ச்மேன் குழாயைத் திறந்தார். ஹோஸ் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வந்தது. விருந்தினர் மதகைத் திறந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கு அங்கே தலைமை ஆசிரியை.

விருந்தினர் மலர் தூவினார். தாளாளர் தூவினார். அவர் மனைவி தூவினார். தூவாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பெற்றோர் சங்கத்தையும் கூப்பிட்டார்கள். போட்டோகிராபர், "சார், கை மறைக்குது, இன்னொரு வாட்டி தூவுங்க" என்றார். மறுபடி தூவினார்கள். எங்கள் அத்தை, அதாவது சேகரின் அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எம் மருமவ கட்ன ஏரி, நான் போட மாட்டனா?" என்று இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். குளியலறை அளவு ஏரி. அதில் ஒரு கூடைப் பூ. மதகு அடைத்துக்கொண்டது.

தண்ணீர் ஏறியது. "குழாய மூடுங்க!" என்று கத்தினேன். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் காதில் எதுவும் விழவில்லை. சரி, மதகில் இருக்கும் பூவை நாமே எடுத்துவிடலாம் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் கால் வைத்தேன். வழுக்கியது. ஏரிக்குள் உட்கார்ந்தேன்.

அப்போது நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். (அத்தை இந்த இடத்தில் 'கொஞ்சமா?' என்று கேட்பார்.) நான் உட்கார்ந்த வேகத்தில் ஏரித் தண்ணீர் முழுவதும் எழும்பிக் கலங்கல் பக்கம் போனது. ஆனால் கரை உடையவில்லை! இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அறுபது கிலோவுக்கு மேல் தாங்கிய கரை அது. கலங்கலும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. தண்ணீர் வயலைத் தொடவில்லை, ஒரு பிள்ளையின் வீட்டைத் தொடவில்லை, நேராகப் பழைய கால்வாயில் இறங்கி, அட்டைப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள் என் வகுப்பு நிவேதா. "ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக வெளியேறி..." என்று நான் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தவள், நிறுத்தி, கண்ணை விரித்து, "ஐய, நம்ம ஸ்கூல இஸ்துகினு போவுது!" என்றாள். பள்ளிக்கூடம் பல்பு மினுக்க மினுக்க மிதந்து போய் விருந்தினரின் வேட்டியில் சாய்ந்து நின்றது.

பின் வரிசையிலிருந்து ஓர் அப்பா எழுந்தார். "கரெக்டாத்தான்பா கீது! போன மழைல புள்ளைய கூட்டினு போவ வந்தேன், இதே எடத்துல முட்டி வரிக்கும் தண்ணி!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அட்மிஷனுக்கு வந்தவர்கள் நோட்டீஸை இன்னொரு தடவை படித்தார்கள்.

தாளாளர் ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டார். கூடவே மைக்கையும் கையில் கொடுத்து, காதோடு, "இடம் மாத்தி வச்சிட்டேன், மாடல் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மிஸ். அடுத்து உங்க அறிவிப்புதான்" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். புடவை முழுக்கச் சேறு, தலையில் சாமந்தி, எதிரே என் வகுப்பு வரிசையாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கால்வாயில் என்னோடு நடந்த பிள்ளைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

"மாடல்ல தப்பே இல்லீங்க" என்றேன். "எங்க நாலாங்கிளாஸ் பசங்க எல்லாத்தையும் அது அது இருக்கற இடத்துலதான் வச்சிருக்காங்க. கால்வாய் முன்னாடியே இருந்துது. ஸ்கூல் அப்புறம் வந்துது. நம்ம ஏரியா வரலாறு அவ்ளோதான். நன்றி."

என் வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. அத்தை விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். தாளாளர் பழக்க தோஷத்தில் மேலே பார்த்தார். மைதானத்தில் ஃபேன் இல்லை. வானத்தைப் பார்த்தார்.

ஜூன் மாதம் எனக்கு அங்கே வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். இப்போதும் நாலாம் வகுப்புதான். இப்போதும் நிஜ மண், நிஜத் தண்ணீர்தான். பூவுக்கு மட்டும் தடை.

வீட்டில்தான் விடமாட்டேன் என்கிறார்கள். நாங்கள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் அத்தை கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வரும். கேட்டருகே நின்று, "மருமவளே, ஒக்காரு, கலங்கல் எங்க போவுதுனு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, மொத்தத்தையும் தரையில் கவிழ்ப்பார். சேகர் நிவேதா குரலில் விளக்கம் சொல்வார். தண்ணீர் வீட்டுக்குள் போனால் நாங்கள் வெளியே வந்துவிடுவோம். என்னைக் கிண்டல் செய்யத்தான் இதைத் தொடங்கினார்கள். ஆனால் ஊற்றிப் பார்க்காமல் இதுவரை ஒரு வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்ததில்லை.

போன மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு வீடு பார்க்கப் போனோம். புரோக்கர் புது ஆள். எங்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். அத்தை பாட்டில் மூடியில் கை வைத்ததுமே அவர் கும்பிட்டார்.

"மூடிடும்மா. பெட்ரூமுக்குத்தான் போவும். வா, வேற ஊடு காட்றேன்."