படகு வைத்திருப்பவர் படித்தே ஆகவேண்டிய நாற்பது புத்தகங்கள்

துறைமுகம் என்றால் எலி இருக்கும், பூனை இருக்கும், கடற்காகம் இருக்கும். நான்காவதாக இன்னொரு இனமும் இருக்கும்: புத்தகம் சிபாரிசு செய்கிறவர். எலிக்குப் பொறி வைக்கலாம். பூனைக்கு ஒரு மீன் தலையைப் போட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கடற்காகம் மழை வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். இவருக்கோ மழைதான் நல்ல பருவம். வலை தைக்கிற கொட்டகைக்குள் எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள். ஓட இடம் இருக்காது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இவரிடம் சின்னதாக ஒரு சொந்தப் படகு இருக்கும். அது எப்போதும் தரையில் இருக்கும். வீட்டுக்குப் பின்னால், சக்கரவண்டியின் மேல், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், கடலுக்கு நேர்ந்துவிட்டதைப்போல மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். வலது தோளில் ஒரு பை. பையின் கனத்தில் அந்தத் தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். துறைமுகத்து நர்ஸ் என்ற முறையில் அதற்கு நான் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். தேய்க்கும்போதுகூட முதுகெலும்பைப் பற்றிய ஒரு புத்தகத்தின் பெருமையைக் கேட்கவேண்டி வந்தது.

வணக்கம் சொல்லமாட்டார். "படிச்சீங்களா?" என்பார். "எதை?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் தீர்ந்தது, அன்றைய பொழுது அவருடையது. உங்கள் வலை கிழிந்திருக்கிறதா? அதற்கு ஒரு புத்தகம். எஞ்சின் கரும்புகை கக்குகிறதா? இரண்டு பாகங்கள், கெட்டி அட்டை. உங்களுக்கு மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லையா? கடலோடிகளின் குடும்ப வாழ்வு பற்றி ஒன்று உண்டு, நடுவில் படங்களும் இருக்கின்றன. ஒருமுறை ஒரு மீனவர் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி, ரத்தம் சொட்டச் சொட்ட என் முதலுதவி அறைக்கு வந்தார். நான் இடுக்கியைக் கொதிநீரிலிருந்து எடுப்பதற்குள் பின்னாலேயே இவரும் வந்து நின்றார்.

"இதுக்கு அருமையான ஒரு புத்தகம் இருக்குங்க."

"அப்படிங்களா?"

"ஆனா முள்ளு ஏர்றதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்."

எங்கள் துறைமுகத்தில் இந்த இனத்தைச் சேர்ந்தவருக்கு முன்னுரை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் நினைவில்லை. எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும், அதை எழுதியவர் ஏன் எழுதினார், யாருக்கெல்லாம் நன்றி சொன்னார், எந்த மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினார் என்பதுவரை மூச்சுவிடாமல் சொல்வார். அதற்கு அப்பால் ஆழ்கடல். அவரே இறங்கியதில்லை. பதினைந்தாம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம் அவரிடம் ஒன்றுகூட இல்லை என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

நிறுத்திய இடத்தில் அடையாளம் வைக்கவேண்டுமே? அதற்குக் கையில் அந்த நேரத்தில் எது இருக்கிறதோ அதுதான். சீப்பு. தையல் நாடா. ஒரு தடவை பல் துலக்கும் குச்சி. என் அறையின் காய்ச்சல்மானி மூன்று வாரம் காணாமல் போய், கடைசியில் புயலைப் பற்றிய புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தில் கிடைத்தது. "வீட்ல எது காணாமப் போனாலும் நான் தேடறதே இல்லம்மா," என்பாள் அவர் மனைவி. "அலமாரியைத் திறந்து ஒவ்வொண்ணா குலுக்குவேன். எங்கேயாவது விழும்."

இந்த அம்மாளுக்கு ஒரு தம்பி. தொழில், மீன் பிடிப்பது. சொந்தமாக ஒரு சிறு படகு. அவனிடமும் ஒரு புத்தகம் உண்டு. சட்டைப் பையில் இருக்கும், மீன் வாடை அடிக்கும், மூலைகளெல்லாம் தேய்ந்து வட்டமாகிவிட்டன. கடல் நீர் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏறும், எப்போது இறங்கும் என்ற அட்டவணை. தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பான், மடித்து வைப்பான், போய்விடுவான். முன்னுரை அதைப் புத்தகமென்றே ஒப்புக்கொண்டதில்லை. அதில் முன்னுரை கிடையாதே.

போன பருவத்தில் தம்பியின் படகு எஞ்சின் கெட்டுப் பட்டறைக்குப் போய்விட்டது. திரும்பி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மீனோ அப்போதுதான் கரையோரம் வந்திருந்தது. இரண்டு வாரம் நிற்கும், பிறகு கிளம்பிவிடும். அதை விட்டால் அவனுக்கு ஒரே வழி, பெரிய விசைப்படகில் ஆளாகச் சேர்ந்து இரண்டு மாதம் தூரக் கடலுக்குப் போவது. அவன் மனைவிக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியிருந்தது. தலைப்பிள்ளை. போனால், பிள்ளை பிறந்து ஒரு மாதமாவது ஆன பிறகுதான் முகத்தைப் பார்க்கமுடியும்.

அன்று முன்னுரையின் வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண்ணின் கால் வீக்கத்தைப் பார்க்க நான் அங்கே போயிருந்தபோதுதான் பேச்சு வந்தது.

"அத்தான், உங்க படகு ரெண்டு வாரத்துக்கு வேணும். சாயங்காலம் வீடு வந்துடணும், அதான்."

"அதுக்கென்ன மச்சான், தாராளமா எடுத்துக்க. ஆனா படிச்சிருக்கியா?"

"எதை?"

கேட்டுவிட்டான். முன்னுரை உள்ளே போய் மூன்று புத்தகங்களோடு வந்தார். ஒவ்வொன்றும் மாவு அரைக்கிற கல் கனம். "மூணையும் முடி. சாவியை வாங்கிக்க."

"முடிக்கிற வரைக்கும் மீன் நிக்குமா அத்தான்?"

"நிக்காதுதான். அதைப் பத்தியும் ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

அக்காள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். கத்தி கையிலேயே இருந்தது. "என்னங்க. சாவியைக் குடுங்க."

"நான் தரமாட்டேன்னா சொன்னேன்? ஒரு படகைக் கடல்ல இறக்கறதுன்னா சும்மாவா?"

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மறுநாள் காலை படகை இறக்கும்போது முன்னுரையும் வருவார். இறக்குமுன் பார்க்கவேண்டிய நாற்பது விஷயங்கள் அடங்கிய பட்டியலை அவரே உரக்கப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் தம்பி "ஆச்சு" என்று சொல்லவேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணி. படகு இறக்கும் சரிவில் சக்கரவண்டி, அதன்மேல் படகு. முன்னுரையின் தோளில் பை. பைக்குள் அரை டஜன் புத்தகங்கள், அதில் ஒன்று வாயை மூட மறுத்து, குறுக்கே கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அக்காளும், மாசமாக இருந்த பெண்ணும், அவளைத் தனியே நடக்கவிட மனமில்லாமல் நானும் கரையில் நின்றோம்.

"ஒண்ணு," என்று ஆரம்பித்தார் முன்னுரை. "உன் மனம் தெளிவாக இருக்கிறதா?"

"ஆச்சு."

"ஆச்சுன்னு சொல்லக்கூடாது. இருக்குன்னு சொல்லணும்."

"இருக்கு அத்தான்."

"ரெண்டு. நேற்றிரவு போதுமான அளவு உறங்கினாயா?"

நான்காவது, வானிலை. தம்பி விரலை மேலே காட்டினான். ஏழாவதில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் அகராதியை எடுத்தார். ஒன்பதாவதின்போது தம்பி, பழக்கம் விடாமல், படகின் பின்புறத்தைப் பார்க்கக் குனிந்தான்.

"குனியாதே. எல்லாம் வரிசையா வரும். அது பதினேழாவது."

தம்பி நிமிர்ந்தான். இடையில் ஒரு வார்த்தை: பதினாறு வருடமாக தினமும் குனிந்து பார்த்தவன் அவன். கையில் பட்டியலோடு ஒருவர் நின்ற ஒரே ஒரு நாள் குனியாமல் விட்டான். பட்டியலின் குணம் அது. யாரோ பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். மருத்துவமனைகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதினொன்றில் தம்பி சட்டைப் பையிலிருந்த அட்டவணையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "தண்ணி எறங்குது அத்தான். இன்னும் கால் மணி போச்சுன்னா வண்டி சேத்துல நிக்கும், நாளைக்குத்தான் எறக்கலாம்."

"மிச்சத்தைப் போகும்போதே படிச்சுக்கலாம்," என்று முன்னுரை பையோடு ஏறி உட்கார்ந்தார். படகு இறங்கியது. எஞ்சினும் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து ஐம்பது அடி போயிருக்கும். பேசுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"அத்தான், கால் நனையுது."

"இரு. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? ரெண்டுக்கும் தனித்தனி அத்தியாயம்."

"கடல்ல வேற என்ன தண்ணி அத்தான் வரும்?"

தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு இப்போது குனிந்தான். படகின் பின்பலகையில், அடியோடு ஒட்டி, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை உண்டு. தரையில் நிற்கும்போது மழைநீர் வடிவதற்காக. கடலில் இறக்குமுன் அதில் தக்கை இருக்கவேண்டும். இல்லை. நான்கு மாதத்துக்கு முன், மழைக்காலத்தில், 'படகு தரையில் நிற்கும்போது தக்கையைக் கழற்றிவிடவும்' என்று எந்தப் புத்தகத்திலோ படித்து, முன்னுரை தம் கையாலேயே கழற்றினார். வாழ்நாளில் ஒரு புத்தகம் சொன்னபடி அவர் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

தம்பி குதிகாலைத் துளையில் வைத்து அழுத்திக்கொண்டான். அப்படியும் வந்தது. கணுக்காலுக்கு ஏறிவிட்டது. வலை மிதக்கத் தொடங்கியது.

"தக்கையை எங்கே வச்சீங்க?"

"பத்திரமாத்தான் வச்சேன்."

"காகிதம் குடுங்க. சுருட்டி அடைக்கிறேன்."

முன்னுரை பையைத் திறந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். "இது ரெண்டாம் பதிப்பு, இப்ப கிடைக்காது." இன்னொன்றை எடுத்தார். "இது இரவல்." மூன்றாவதை மார்போடு அணைத்துக்கொண்டார். "இதை நான் இன்னும் முடிக்கல."

"எதை முடிச்சீங்களோ அதைக் குடுங்க அத்தான்."

முன்னுரை பையின் வாயை மெல்ல மூடினார்.

என் பக்கத்தில் நின்ற பெண் என் முழங்கையைப் பிடித்தாள். "படகு போயிடுச்சுன்னா அவர் தூரக் கடலுக்குப் போயிடுவாரும்மா." பிடியில் நல்ல பலம் இருந்தது. பிரசவத்துக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அக்காள் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நான்கு எட்டு நடந்து போய், இருபத்தெட்டு வருட இல்வாழ்க்கையின் மொத்த அனுபவத்தையும் தொண்டையில் வைத்துக் கத்தினாள்: "என்னங்க! அந்தக் கயிறு கட்டின தடியனை எடுத்துக் குலுக்குங்க!"

"அதுல நான் அடையாளம் வச்சிருக்கேன்டி!"

"அதைத்தான் குலுக்கச் சொல்றேன்!"

கயிற்றை அவிழ்த்துக் குலுக்கினார். பதினொன்றாம் பக்கத்திலிருந்து தக்கை விழுந்தது. விழுந்த தக்கை தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றி, வழி தெரிந்ததுபோல் நேரே தம்பியின் கைக்கு மிதந்து போனது. துளையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு குத்து. நின்றது. பிறகு வாளியை எடுத்து நீட்டினான்.

"தண்ணி எறைக்கிறதுல ஒரு முறை இருக்கு மச்சான், அதை எழுதினவர்..."

தம்பி வாளியை அவர் கையில் திணித்துவிட்டுப் பார்த்தான். முன்னுரை இறைத்தார். அரை மணி நேரம் இறைத்தார். கரைக்கு வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் முகத்தில் மட்டும் வெற்றிக் களை.

"பாத்தியா? புத்தகம் இல்லேன்னா இப்ப தக்கை கிடைச்சிருக்குமா?"

"புத்தகம் இல்லேன்னா தக்கை அதோட ஓட்டையிலேயே இருந்திருக்கும் அத்தான்."

இதற்கெல்லாம் அசைகிற இனமா? மறுநாளிலிருந்து துறைமுகம் முழுக்கப் புதுச் செய்தி பரவியது: ஒரு புத்தகம் இரண்டு உயிரையும் ஒரு படகையும் காப்பாற்றிய கதை. சொல்லி முடித்ததும் கேட்பார், "படிச்சீங்களா?"

தம்பி இரண்டு வாரமும் போய்வந்தான். தினமும் காலையில் குனிந்தான். பட்டியல் வைத்திருந்தவர் வீட்டில் தூங்கினார். பன்னிரண்டாம் நாள் மாலை, அவன் வலையை உதறிப் போட்டுவிட்டு வீட்டுப் படியேறிய ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. நுரையீரல் இரண்டும் ஒன்றாம் தரம். தெரு முழுக்கச் சாட்சி.

மறுநாள் காலையில் தம்பியால் நேரத்துக்குக் கடலுக்குப் போகமுடியவில்லை. படகுச் சாவியைக் காணோம். முதல் நாள் சாயங்காலம் அத்தான் "எஞ்சினைத் துடைச்சு வைக்கிறேன்" என்று வாங்கிப்போனதோடு சரி. அத்தான் வீட்டைப் புரட்டியும் கிடைக்காமல் தம்பி திரும்பி வந்தபோது, பின்னாலேயே முன்னுரை குழந்தையைப் பார்க்க வந்தார். கையில் பரிசு: பிள்ளை வளர்ப்பு பற்றி எழுநூறு பக்கம், வண்ணத்தாள் சுற்றியது, நடுவில் கொஞ்சம் உப்பலாக. "நேத்து ராத்திரி நானே கொஞ்சம் படிச்சுப் பாத்தேன். பிரமாதம்," என்றார். அக்காள் வாசலிலேயே அதை வாங்கி, தாளைப் பிரிக்காமல் ஒரே ஒரு குலுக்குக் குலுக்கினாள். உள்ளே கிணுகிணு என்றது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "இதை அவர் அவசியம் படிக்கணும்" என்று உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்ததா இல்லையா? வந்திருந்தால் உங்கள் வலது தோளை ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் யாரோ கூப்பிட்டு எழுந்து போனீர்களே, அப்போது இந்தப் பக்கத்தில் எதை வைத்துவிட்டுப் போனீர்கள்? உங்கள் வீட்டில் யாரோ அதைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் குலுக்கிப் பாருங்கள்.