மாமனாரின் பேனர்

'அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுரேஷ்கண்ணன் கையிலிருந்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது.

"ஏங்க, பேனர் முடிஞ்சுச்சா?" அடுப்படியிலிருந்து யுவராணி கேட்டாள்.

"அப்டேட் ஓடுது."

"இப்ப எதுக்கு அது?"

"அதுவா கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

"நான் ஒண்ணு கேட்டு, உடனே சரின்னு என்னைக்காச்சும் சொல்லியிருக்கீகளா?"

நாளை மறுநாள் அவன் மாமனார் ஈஸ்வரபாண்டிக்கு அறுபதாம் கல்யாணம். சின்னமனூரில் அவர் வீட்டுத் தெருமுனையில் கட்டவேண்டிய வரவேற்பு பேனரை அவன்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தான். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன் என்றாலும், தெருவில் யார் வீட்டில் எது நடந்தாலும் பேனர் அவன் கைவேலைதான்.

ஆனால் இது வெறும் பேனர் இல்லை. யுவராணியை அவன் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து மாமனார் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவருடைய ஒரே தங்கை ஜக்கம்மா, தன் மகனுக்கு யுவராணியைக் கேட்டு வைத்திருந்தாள். முறைப்பெண் கைமாறிப் போனதும், "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கடமலைக்குண்டில் போய் உட்கார்ந்தவள்தான். அண்ணனும் தங்கையும் பேசாமல் போனதற்கு யார் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே சுரேஷ்கண்ணனுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட மாமனார் போன வாரம் அவராகவே போன் செய்து, "மாப்ள, பேனரை நீங்களே பாத்துக்கங்க" என்றார். போனை வைத்த பிறகும் அவன் எழுந்து நின்றபடியே இருந்தான்.

ஒருவழியாக அப்டேட் முடிந்தது. பேனரைத் திறந்தான். மாமனாரும் மாமியாரும் பட்டுத் துணியில் கைகோத்துச் சிரித்தார்கள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.

தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் தமிழ்மாறனுக்குப் போன் போட்டான்.

"பழைய தமிழ் ஃபாண்ட்டை அப்டேட் தின்னுருச்சுண்ணே. அப்டேட்டை வெளிய எடுத்துருங்க, சரியாப் போகும்."

எடுத்தான். கட்டங்கள் போகவில்லை. திரைதான் தலைகீழானது. மாமனாரும் மாமியாரும் வௌவால் மாதிரி தொங்கினார்கள்.

"ஏதோ ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கணும்ண்ணே. எதுன்னு பாத்துட்டுக் கூப்பிடுறேன்" என்ற தமிழ்மாறன், அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

சுரேஷ்கண்ணன் ரெண்டு ரெண்டாகப் பல பட்டன்களை அமுக்கிப் பார்த்தான். சத்தம் போனது. மவுஸ் அம்பு கத்திரிக்காய் அளவுக்குப் பெருத்தது. கடைசியில் மானிட்டரையே தூக்கித் தலைகீழாகத் தலையணையில் சாய்த்து வைத்தான்.

யுவராணி எட்டிப் பார்த்தாள். "காய்ச்சலா அதுக்கு?"

"நேரமாச்சு யுவா. எங்கிட்டாச்சும் போ."

அவசரத்தில் அவன் கை எதையோ தட்டி, பேனரின் தலைப்பு அழிந்துபோனது. பதறவில்லை. தலைப்புகளைத் தனியாக ஒரு இடத்தில் சேமித்து வைத்திருந்தான். திறந்து பார்த்தான். அங்கே இரண்டு இருந்தன. ஒன்று அறுபதாம் கல்யாண வரவேற்பு. இன்னொன்று போன மாதம் அடுத்த தெரு மலைச்சாமி இறந்தபோது போட்ட கண்ணீர் அஞ்சலி. இரண்டுமே இப்போது கட்டங்கள்.

எது எது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் கனைப்புச் சத்தம் கேட்டது. மாமனார்.

"என்ன மாப்ள, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு?"

"அச்சுக்கடையில பழைய ஃபாண்ட் இருக்கு மாமா. அங்கன திறந்தா எழுத்து வந்துரும்."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ராஜாத்தி கடை."

மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த மலைச்சாமி படத்தைப் பார்த்தார். "இவன் சாவுக்குக் கூட்டம் தாங்கலை. ஜென்மப் பகையாளியெல்லாம் மாலையோட வந்து நின்னாக."

சுரேஷ்கண்ணன் கேட்டான். "கடமலைக்குண்டுக்குச் சொல்லலையா மாமா? மூணாம் முடிச்சு போட நாத்தனா வேணும்னு அத்தை அழுகுறாக."

"நானாப் போய்க் கூப்பிட மாட்டேன். கூப்பிடாம நல்ல காரியத்துக்கு அவ வரமாட்டா. விடுங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீளமான கட்ட வரிசைதான் கல்யாணமாக இருக்கும் என்று சுரேஷ்கண்ணன் முடிவு கட்டினான். செத்தவருக்கு யார் அவ்வளவு நீளமாகத் தலைப்பு போடுவார்கள். அதை ஒட்டி, ராஜாத்திக்கு அனுப்பினான்.

"ஒருக்கா படிச்சுப் பாத்து அனுப்புனீகளா?" என்றாள் யுவராணி.

"கட்டத்தை என்னன்னு படிக்க?"

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாமியார் கஸ்தூரியம்மாள் போன் செய்தாள். குரல் சின்னதாக இருந்தது.

"மாப்ள, கொஞ்சம் தெருமுனைக்கு வாங்க."

போனான். கடைக்காரர்கள் விடியும்போதே வந்து கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல உயரத்தில், நாலு பக்கமும் இழுத்து, விறைப்பாக. மாமனாரும் மாமியாரும் கைகோத்துச் சிரித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே எழுத்துகள் பளிச்சென்று வந்திருந்தன.

'கண்ணீர் அஞ்சலி.'

கீழே, ஒரு முழ உயர எழுத்தில், 'இவண்: மருமகன் சுரேஷ்கண்ணன்.'

வாயில் இருந்த பற்பசையை அப்படியே விழுங்கினான்.

"அவரு போனது இருக்கட்டும் மாப்ள," என்றாள் கஸ்தூரியம்மாள். "நான் எப்ப போனேன்?"

அவன் பேனர் கம்பத்தில் பாய்ந்து ஏறினான். பால்காரரும் டீக்கடைக்காரரும் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். "பெத்த மகன் மாதிரி துடிக்கிறான்யா. மனசைத் தேத்திக்கப்பா, ரெண்டு பேரும் சேந்து போறதுக்கும் கொடுத்து வச்சிருக்கணும்."

"உசுரோட இருக்காகய்யா. அந்தா நிக்கிறாகள்ல."

திரும்பிப் பார்த்தார்கள். பேனரில் இருந்த அதே கஸ்தூரியம்மாள் அதே கொண்டையுடன் நின்றுகொண்டிருந்தாள். பால்காரர் கேனைப் போட்டுவிட்டு ஓடினார்.

எழுத்தையாவது மறைக்கலாம் என்று ஒரு வேட்டியை எடுத்துவந்து மேலே போர்த்தினான். வெள்ளை வேட்டி போர்த்தியதும் பார்க்கிறவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. யாரோ சங்குக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். பத்து மணிக்குள் வடுகபட்டி வரைக்கும் அந்தப் படம் போய்விட்டது என்று யுவராணி போனைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் கண்ணீர் அஞ்சலியே பரவாயில்லை என்று நினைத்தான்.

கடைசியில் மாமனார் காலில் விழுவது என்று முடிவு செய்து வீட்டுக்குள் போனான். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த அப்டேட்டு..."

"போட்டோ நல்லா விழுந்திருக்கு மாப்ள."

"இப்பவே கிழிச்சுப் போட்டுர்றேன் மாமா."

"அவசரப்படாதீக. மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும்."

அதிர்ச்சியில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றே சுரேஷ்கண்ணன் நினைத்தான். அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கடமலைக்குண்டு வேன்.

ஜக்கம்மா தலைவிரி கோலமாக இறங்கினாள். கையில் ஆள் உயர மாலை.

"அண்ணே, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியே. மதினியையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டியே. நாந்தேன் பாவி, நாந்தேன் வீம்பு பிடிச்சவ..."

அழுதுகொண்டே உள்ளே வந்தவள் நடுவீட்டில் நின்றாள். அண்ணன் இட்லியைச் சட்டினியில் தோய்த்துக்கொண்டிருந்தார். மதினி தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"வா ஆத்தா," என்றார் ஈஸ்வரபாண்டி. "சாப்பிட்டியா?"

ஜக்கம்மா அந்த மாலையாலேயே அவரை அடித்தாள். பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் மிஞ்சும்வரை அடித்தாள். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டுத் தின்றபடி அழுதாள். கஸ்தூரியம்மாள் மெதுவாக, "நாளைக்கு மூணாம் முடிச்சு நீதேன் போடணும்" என்றாள். "பின்ன வேற எவ போடுவா?" என்றாள் ஜக்கம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டு.

அவள் கண் சுரேஷ்கண்ணன் மேல் விழுந்தது. அவன் சுவரோடு ஒட்டினான்.

"இந்தக் கூத்தப் பண்ணது நீதானா?" என்றவள், பக்கத்தில் இருந்த தட்டைத் தள்ளினாள். "முழிக்காத. நீயும் உக்காந்து சாப்பிடு."

சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம், தெருமுனையில் அஞ்சலி. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ராஜாத்தி கடைக்குப் பறந்தான்.

"ராஜாத்தி, உடனே புதுசா ஒரு பேனர் அடிக்கணும். எல்லாம் என் தப்புதேன். அப்டேட் போட்டு எழுத்தெல்லாம் கட்டமாகி, தலைப்பை மாத்தி ஒட்டிட்டேன்."

ராஜாத்தி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பேனர் சுருளை எடுத்து, அவன் முன்னால் விரித்தாள். மாமனாரும் மாமியாரும் கைகோத்துச் சிரித்தார்கள். தலைக்கு மேலே ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது: 'அறுபதாம் கல்யாணத்துக்கு அனைவரும் வருக.'

"நீங்க அனுப்புனது நேத்தே சரியா அடிச்சு வச்சாச்சுண்ணே. இதை நாளைக்குக் கட்டலாம், முதல்ல தலைப்பை மட்டும் கண்ணீர் அஞ்சலின்னு மாத்தி ஒண்ணு அடிச்சுக் கட்டுன்னு நேத்து சாயங்காலம் உங்க மாமாதேன் வந்து சொல்லிட்டுப் போனாக."