கலையரசி மார்க் தேன்

தேனீக்களின் சோம்பேறித்தனத்தை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்த பெருமை ஆரணிக்கே உரியது. அவை சுறுசுறுப்பானவை என்று யுகயுகமாக நம்பிக்கொண்டிருந்த மனித குலம், எங்கள் பட்டுக்கடை மாடியில் நடந்த கூட்டத்தில்தான் கண் திறந்தது. விளம்பரப் பிரிவின் தலைவர் என்ற முறையிலும், அப்பிரிவின் ஒரே ஊழியர் என்ற முறையிலும் நான் அங்கே இருந்தேன்.

முதலாளி வேணுகோபாலுக்குப் பரம்பரையாகப் பட்டு வியாபாரம். சென்னையில் நிர்வாகம் படித்துவிட்டு வந்த மகன் கிரண், "இனிமே எல்லாம் இயற்கைதான்ப்பா" என்றதால் தேனிலும் இறங்கினார். இயற்கையைக் கண்ணமங்கலம் பக்கத்து மாந்தோப்பு ஒன்றிலிருந்து வரவழைத்தோம். கலையரசி என்ற பெண் அங்கே தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். களையெடுக்கப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பெட்டிகள். தேன் அவருடையது, பாட்டில் எங்களுடையது. பாட்டிலில் சிரித்த முகமும் அவருடையதே. பெயர், 'கலையரசி மார்க் காட்டுத்தேன்'. மாந்தோப்பைக் 'காடு' ஆக்கியது என் கைவண்ணம்.

முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கினார்கள். தேன் போதவில்லை. எனவே ஆய்வுக் கூட்டம்.

கிரண் சுவரில் படம் காட்டி விளக்கினார். "தேனீ பூ பூவாப் போய் இனிப்புத் தண்ணிய உறிஞ்சுது. அதுக்குன்னு வயித்துல தனிப் பை. ரொப்பிகினு கூட்டுக்கு வந்து இன்னொரு தேனீ வாயில குடுக்குது. அது இன்னொண்ணுக்குக் குடுக்குது. இப்படி வாய் மாறி வாய் மாறி எச்சில் கலந்தாதான் பதம் வருது. அப்புறம் அறையில வச்சி, தண்ணி வத்தற வரைக்கும் றெக்கையால விசிறிகினே இருக்குதுங்க. கெட்டியானதும் மெழுகால மூடி சீல் வைக்குதுங்க."

வேணுகோபால் திகைத்தார். "ஒரு ஸ்பூன் தேனுக்கு இவ்ளோ பேஜாரா?"

"அதான்ப்பா. பூ தேடிப் போறது பூரா டிராவல் டைம். வேஸ்ட்."

சீர்திருத்தங்கள் உடனடியாக அமலுக்கு வந்தன. பெட்டி வாசலிலேயே சர்க்கரைப் பாகு வைத்து, தேனீக்களுக்கு 'வீட்டிலிருந்தே பணி' வழங்கப்பட்டது. றெக்கைக்குப் பதில் கேஸ் அடுப்பு. மெழுகுக்குப் பதில் பாட்டில் மூடி.

மறுநாள் கலையரசி பாகுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"பூ இல்லாத மழைக்காலத்துல பசிக்கு வைக்கறதுங்க இது. பூக்கற காலத்துல இத்த வச்சி, எடுத்து வித்தா அது தேனா?"

"தேனீ தொட்டுச்சா இல்லையா?" என்றார் கிரண்.

"தொட்டா?"

"தொட்டா தேன்."

இத்தனை சுருக்கமான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

"அப்போ என் மூஞ்சிய பாட்டில்லேர்ந்து எடுத்துடுங்க."

"அது எப்படிம்மா?" என்றார் முதலாளி வருத்தத்துடன். "லேபிள் நிறைய அடிச்சி வச்சிட்டோமே."

பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடு திரும்பியதும், கலையரசி பெட்டி வாசல்களை அடைத்து டெம்போவில் ஏற்றினார். அருகிலுள்ள திருமலைக் கிராமத்தில் பூத்திருந்த ஓர் எள் வயலுக்குக் கொண்டுபோய்விட்டார். தேனீக்கள் ராஜினாமா செய்த அந்த மாதத்தில்தான் எங்கள் தேன் உற்பத்தி இரு மடங்காயிற்று. அவற்றின் பொறுப்புகளைச் சர்க்கரை மூட்டையும் அடுப்பும் திறம்பட ஏற்றுக்கொண்டன.

கலையரசி சும்மா இருக்கவில்லை. கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்பில் மேஜை போட்டுத் தன் தேனைத் தானே விற்றார். பாட்டிலில் பெயர் இல்லை, படம் இல்லை. ஆனால் முகம் கழுத்தின்மேலேயே இருந்ததால் ஜனங்கள் அடையாளம் கண்டு வாங்கினார்கள். இந்த 'முறைகேட்டை' நிர்வாகம் எத்தனை நாள் பொறுக்கும்? அவ்வழியே போகும் வேலூர் பஸ்களில் நோட்டீஸ் கொடுத்தோம். வாசகம் அடியேனுடையது: "கலையரசி போன்ற தோற்றத்துடன் சிலர் தேன் விற்பதாகத் தெரிகிறது. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்."

மேஜையருகே வந்தவர்கள் நோட்டீஸைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பஸ் ஏறினார்கள். ஒரு பெரியவர், "நல்லாதானே இருக்கற, ஏம்மா இந்தப் பொழப்பு?" என்று அறிவுரையும் சொன்னாராம். தேன் தேங்கியது. கலையரசி மறுபடி களையெடுக்கப் போனார்.

பிறகு ஒரு முகூர்த்த நாளில், நோட்டீஸும் கையுமாகக் கடைக்கே வந்தார்.

"நான் போலிங்களா?"

"நீங்க ஒரிஜினல்தாங்க," என்றார் கிரண் மரியாதையாக. "ஆனா பேர நாங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்."

முதலாளி இளகிய மனசுக்காரர். "வேற பேர்ல வித்துக்கம்மா, நான் வேணாங்கல. முடிஞ்சா மூஞ்சிக்கும் ஏதாச்சும் பண்ணு."

கலையரசி கத்தவில்லை. புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"தேனீ மனுசன ஒரு வாட்டி கொட்டினாலே, கொடுக்கு பிச்சிகினு செத்துப் போயிடுது. நீங்க ஊரையே கொட்டிட்டு ஏசி போட்டுகினு குந்திகினு இருக்கீங்க."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பாட்டிலோடு நின்ற கல்யாணப் பெண்ணின் தாய், அதை மேஜையில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே படியிறங்கினார். "உங்க பெட்டிங்க எங்க கீது?" என்று அவர் விசாரித்தது எங்களுக்கும் கேட்டது.

நிர்வாகம் கலங்கவில்லை. கொட்டிய பிறகும் சாகாமல் கொழுக்கும் உயர்ந்த இனம் நாங்கள் என்று, தொழில் தெரிந்த ஒருவரே பலர் முன்னிலையில் நற்சான்று அளித்திருக்கிறார். அடுத்த நோட்டீஸில் அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.