கைண்ட்லி பூட்டுக்காரர்

மனிதர்களை இத்தனை மரியாதையாகச் சந்தேகப்பட்டவர் கோயமுத்தூரில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது. சொந்தத் தாய்மாமன் போனில் கூப்பிட்டபோது, "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்கதான்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்று கேட்டவர் அவர். மாமன் பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், குலதெய்வத்தைக்கூடச் சொன்னார். "அதெல்லாம் ஆரு வேணும்னாலும் சொல்லலாமுங்களே மாமா" என்றார் இவர். வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இந்தச் சந்தேகம்!

கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஜவுளிக் கடைகளுக்கும் மில்களுக்கும் பில் போடுகிற மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். மொத்தம் ஏழு பேர். அவரும் எங்களோடு அதே வேலையைத்தான் பார்த்தார். ஆனால் மீதி நேரத்துக்கு அவருக்கு வேறொரு குடித்தனம் இருந்தது. பதற வேண்டாம், அது ஒரு மென்பொருள் நூலகம்.

நீங்கள் போனில் ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். நடுவில் யாரும் படிக்க முடியாதபடி அதைக் கலைத்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பக் கூட்டிச் சேர்க்க வேண்டும் அல்லவா? அதற்கான கணக்குகளையெல்லாம் எழுதி, ஒரே மூட்டையாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டவர்களில் நன்றி சொன்னவர்கள் குறைவு, குறை சொன்னவர்கள் ஏராளம். அந்த மூட்டையைப் பழுதுபார்த்து, மெருகேற்றி, காவல் காத்த நாலைந்து பேருக்குத் தலைவர் இவர். மற்றவர்கள் பின்லாந்திலும் பிரேசிலிலும் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது.

கீழ்ப் பட்டறை பஷீர் பாய் ஒரு நாள், "மேல உக்காந்து அப்படி என்னதாங்க பண்றீங்க?" என்று கேட்டார். இத்தனையும் விளக்கினால் பாயின் நேரம் வீணாகும் என்று நினைத்தோ என்னவோ, "பூட்டு செய்யறனுங்க பாய்" என்று சுருக்கமாக முடித்துவிட்டார். மறுநாள் காலை சாவி தொலைந்த ஸ்டீல் பீரோ ஒன்றை நான்கு ஆட்கள் மூச்சுமுட்ட மாடி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்வது மரியாதையா? இவர் என் கொண்டை ஊசியை வாங்கி, இரண்டு மணி நேரம் பீரோ முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து திறந்தேவிட்டார். அதோடு விட்டாரா? இவ்வளவு சுலபமாகத் திறக்கிற பூட்டை நம்பி எப்படி இருந்தீர்கள் என்று பாய்க்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் தெருவுக்கே பூட்டுக்காரர்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் சரியாக ஐந்து விநாடி கழித்துத்தான் பதில் வரும். டீயா காப்பியா என்றாலும் ஐந்து விநாடி. ஆபீஸ் தீப்பிடித்துவிட்டதா என்றாலும் அதே ஐந்து விநாடி. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். ஐந்து விநாடி கழித்து விளக்கினார்.

"ஒரு திருடன் பூட்டுல நம்பர் போட்டுப் பாக்கறானுங்க. மொத நம்பரே தப்புன்னா பூட்டு ஒடனே தப்புங்குது. மூணாவது நம்பர்லதான் தப்புன்னா கொஞ்சம் லேட்டாத் தப்புங்குது. அப்ப மொத ரெண்டு நம்பர் சரின்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகுமுங்களே! அதனால சரியோ தப்போ, பூட்டு ஒரே நேரம்தான் எடுத்துக்கோணும். மனுசனும் அப்புடித்தானுங்க."

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான் என்று அவர் மனைவி செல்வியக்கா சொல்லிச் சிரிப்பார். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களான்னு எங்கய்யன் கேட்டாரு கண்ணு. இந்த மனுசன் அண்ணாந்து ஃபேனப் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. அந்த அஞ்சு விநாடில எங்கய்யனுக்குப் பாதி உசுரு போச்சு. அப்பறம் 'நெம்பப் புடிச்சிருக்குதுங்க'ங்கறாரு!"

அடுத்தது அவருடைய ஆங்கிலம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து நூலகத்துக்குத் திருத்தங்கள் வரும். ஒவ்வொரு வரியையும் சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்புவார். தமிழில் 'ங்க' வர வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் என்ன போடுவது? 'கைண்ட்லி' போட்டார். இந்த வரியைக் கைண்ட்லி நீக்கவும். இது கைண்ட்லி ஆபத்து. நீங்கள் கைண்ட்லி முதலிலிருந்து எழுதவும். உதை வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வருடத்தில் பிரேசில்காரரும் கைண்ட்லி போட ஆரம்பித்துவிட்டார்.

நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் எழுதிய வரியானாலும் இன்னொருவர் படித்துச் சரி என்று சொன்னால்தான் உள்ளே போகும். எழுதியவர் பேரும் படித்தவர் பேரும் அடியில் அழியாமல் நிற்கும். எல்லோர் வரியையும் படிக்க இவர் இருந்தார். இவர் வரியைப் படிக்கத்தான் ஆள் இல்லை; தலைவர் வரியில் குறை சொல்ல மற்றவர்களுக்குத் தயக்கம். எனக்கு ஆபீஸில் கையேடு எழுதுகிற வேலை, ஓரளவு நிரலும் படிக்கத் தெரியும். "அம்மணி, நீங்க படிங்க. நெம்பக் கேள்வி கேப்பீங்க, அதுதான் வேணும்" என்று என்னை இழுத்து உட்கார வைத்தார். பெருமையாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில் நன்றாகத்தான் படித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் இருந்தேன். என் சின்னம்மாவின் இரண்டு பித்தளை அண்டாக்களை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸை விட அம்மன் மேல்தான் அவருக்கு நம்பிக்கை. அங்கே மிளகாய் அரைத்துப் பூசி முறையிட்டால் திருடனை அம்மன் பார்த்துக்கொள்வாள். சின்னம்மாவுக்குக் கை வலி, அரைத்தது நான். அரைத்து முடித்த கையோடு போன் அடித்தது. பூட்டுக்காரர் அறுநூறு வரியில் ஒரு மாற்றம் செய்து அனுப்பியிருந்தார். விரலெல்லாம் எரிகிறது. அந்த விரலால் அறுநூறு வரியை யார் நகர்த்திப் பார்ப்பது? வேன் டிரைவர் வேறு ஹாரன் அடிக்கிறார். பூட்டுக்காரர் எழுதியதில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று 'சரி'யை அழுத்திவிட்டு வேனில் ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்து, நூலகத்தைக் காவல் காத்தவர்களில் ஒருவரான பின்லாந்து அம்மாவிடமிருந்து ரகசியக் கடிதம் வந்தது. அந்த அறுநூறு வரிக்குள் ஓரிடத்தில், தப்பான சாவி போட்டால் நூலகம் சில சமயம் சீக்கிரமாகவும் சில சமயம் தாமதமாகவும் 'தப்பு' என்கிறதாம். டீக்குக்கூட ஐந்து விநாடி எடுத்துக்கொண்ட மனிதர் எழுதிய பூட்டில், அதே ஓட்டை! அண்டா திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் உலகத் திருடர்களுக்கெல்லாம் நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெரிய கம்பெனி ஒன்றில் மென்பொருள் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். கையேடு எழுதுகிறவளுக்கு அந்த வேலைக்கு இருந்த ஒரே தகுதி, இந்த நூலகத்தில் 'படித்தவர்' என்று என் பேர் இருப்பதுதான். கடைசி நேர்காணல் மட்டும் பாக்கி.

ஓட்டையை அடைத்து, நூலகத்தைப் பயன்படுத்துகிற முக்கியமானவர்கள் புதுப் பதிப்புக்கு மாறும் வரை இரண்டு வாரம் விஷயம் வெளியே கசியக் கூடாது. இது எங்கள் இருவருக்கும் வெளிநாட்டு நால்வருக்கும் மட்டுமே தெரியும். பூட்டுக்காரர் ரகசியம் காத்த லட்சணத்தில் தெருவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தார். செல்வியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் கண்ணு, உங்கண்ணனுக்கு ஆராச்சும் சூனியம் கீனியம் வெச்சுப்போட்டாங்களா? ஊட்டுல ஆரு பேசுனாலும் திடுக்குங்கறாரு." பஷீர் பாயோ, ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போகப் போகிறார் என்று முடிவு கட்டி, ஒரு அண்டா பிரியாணி செய்து வழியனுப்பு விழாவே நடத்திவிட்டார். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டுமே என்று இவர் மாலையைப் போட்டுக்கொண்டு அத்தனையையும் சாப்பிட்டார். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தவரைப் பாய் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த வாரம் ஒரு மத்தியானம், மாடிப்படியில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னிக்கு நான் படிக்கவே இல்லீங்ணா."

ஐந்து விநாடி. "தெரியுமுங்க அம்மணி."

"எப்புடிங்ணா?"

"அறுநூறு வரிங்க. நாலு நிமிசத்துல சரின்னு வந்துபோச்சு."

"தெரிஞ்சுமா உள்ளே விட்டீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"நீங்க சரின்னு சொன்னதுக்கப்பறம், படிச்சீங்களான்னு எப்புடிங்க கேக்கறது? மரியாதையா இருக்குமுங்களா?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தாய்மாமனிடம் 'நீங்கதானா' என்று கேட்டவருக்கு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. எனக்கோ, உங்கள் வரியைப் படிக்க இன்று நேரமில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்துதான் அந்த ஓட்டையைப் போட்டிருக்கிறது.

அறிவிப்பு வெளியானது. 'தவறு: நான்' என்று தன் பேரை மட்டும் போட்டிருந்தார். அறிவிப்பில் என் பேர் எங்கும் இல்லை; நூலகத்தின் அடியில் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். "எழுதுனது நானுங்க, உங்க பேரு எதுக்குங்க? நீங்க போயி அந்த வேலைய வாங்கற வழியப் பாருங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்று மத்தியானம் இரண்டு வாய் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அப்புறம் திட்டுகள் வர ஆரம்பித்தன. எங்கெங்கோ இருந்து வந்தன. பூட்டுச் செய்யத் தெரியாதவன் ஏன் பூட்டுச் செய்கிறாய் என்று ஒருவர். பொறுப்பை விட்டு இறங்கு என்று இன்னொருவர். இத்தனை வருடம் அவர் உழைப்பை ஓசியில் அனுபவித்தவர்கள்! ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். "இதை யாருமே படிக்கவில்லையா? படித்தது யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பூட்டுக்காரரின் பதில் என் திரையில் வந்தது: 'எழுதியது நான். கைண்ட்லி என்னைத் திட்டவும்.'

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அதன் கீழேயே எழுதினேன். படித்ததாகச் சொன்னது நான், படிக்கவில்லை, அறுநூறு வரியை நாலு நிமிஷத்தில் சரி என்றேன், கோயில் வாசலில், கை நிறைய மிளகாயோடு. மிளகாய் விஷயம் பிரேசில்காரருக்குப் புரிந்திருக்காது. பரவாயில்லை.

என் நேர்மையைப் பார்த்து அந்தக் கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுத்ததா என்று கேட்காதீர்கள். அதெல்லாம் சினிமாவில் நடக்கும். நேர்காணலை ரத்து செய்து இரண்டு வரி அனுப்பினார்கள், அதில் ஒரு கைண்ட்லிகூட இல்லை. விஷயம் தெரிந்து பூட்டுக்காரர் என் மேஜைக்கு வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, இப்புடிச் செஞ்சுபோட்டீங்களே!" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கையேட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

மறுநாள் நூலகத்தில் ஒரு புதுச் சட்டம் போட்டார். படிக்கிறவர் ஒரு கேள்வியாவது கேட்டால்தான் 'சரி' செல்லும். அன்று சாயங்காலமே தன்னுடைய அடுத்த மாற்றத்தை வேறு யாருக்கும் அனுப்பாமல் எனக்குத்தான் அனுப்பினார். ஒன்பது நாள் படித்தேன். ஒரு தப்பு கண்டுபிடித்தேன். கோபம் வருமோ என்று பயந்துகொண்டே சொன்னால், மனிதர் படி இறங்கி ஓடிப் போய்ப் பஷீர் பாயிடம், "பாய், அம்மணி நாஞ் செஞ்ச தப்பக் கண்டுபுடிச்சுப்போட்டாங்க!" என்று பரீட்சையில் பாஸான மாதிரி கத்தினார். இவர் எப்போதுதான் வெளிநாடு போவார் என்று பாய் என்னைக் கேட்டார்.

நான் இப்போது ஊரின் இன்னொரு கோடியில் வேறு ஆபீஸில் இருக்கிறேன். அவர் வரிகளை மட்டும் இன்றும் நான்தான் படிக்கிறேன். சனிக்கிழமை காலையில் போன் வரும். படித்தீர்களா என்று கேட்டே ஆக வேண்டும் எனத் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் கேள்வி வெளியே வருவதற்குள் அவர் படுகிற பாடு! முதலில் என் சௌக்கியம், அப்புறம் வீட்டுக்காரர் சௌக்கியம், அப்புறம் மழை உண்டா என்ற விசாரணை, "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி" இரண்டு முறை, ஒரு இருமல்.

அதற்கு மேல் அவரை வதைக்க எனக்கு மனசு வராது. "படிச்சுட்டனுங்ணா, கடைசி வரி வரைக்கும், ரெண்டு தடவ" என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அதைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் அறுநூறு வரி எழுத மாட்டாரா என்று இருக்கிறது.