உங்க இஷ்டம்

இன்று சாயங்காலத்துக்குள் என் மனைவியின் அடிப்படை ஆசை என்ன என்று கண்டுபிடித்தே தீர்வது. காலையில் பல் தேய்க்கும்போதே இப்படி ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். எடுத்த வேகத்தில் பற்பசை மூக்கில் ஏறியது.

விஷயம் இதுதான். இன்னொரு ஊரில் எங்கள் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது. அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார் மேலாளர். சாயங்காலம் போன் பண்ணுவார். நான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்தப் பதவி வேண்டவே வேண்டாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என்னால் தனியாகத் தோற்க முடியாது. நான் தோற்றால் அப்பா, சித்தப்பா, மாமாக்கள் எல்லோரும் கூடவே தோற்பார்கள். ஆனால் மேலாளரிடம் "வேண்டாம்" என்று சொல்லவும் வாய் வராது. நல்லவேளை, அவரே ஒரு சந்து விட்டிருந்தார்: "வீட்ல ஒத்துக்கலைன்னா சொல்லுங்க தம்பி, கட்டாயமில்ல."

ஆகவே என் மனைவி "போகக் கூடாது" என்று சொல்ல வேண்டும். அவளாகவே சொல்ல வேண்டும். விஷயத்தை நேற்றே அவள் காதில் போட்டாயிற்று.

போன வாரம் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு. "ஒவ்வொரு மனிதரையும் ஏதோ ஓர் அடிப்படை ஆசைதான் நடத்துகிறது. சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்குச் சொந்தபந்தம், சிலருக்குப் பாராட்டு. அதைப் பிடித்துவிட்டால் ஆளையே பிடித்த மாதிரி" என்றார் பயிற்சியாளர். நான் பிடிக்கப் புறப்பட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியும் கையுமாக இருக்கும் ஸ்திரீயிடம் பேச்சுக் கொடுப்பது ஆபத்து. ஆனால் போன் மேஜைமேல் கிடந்தது. எந்த நிமிஷமும் அலறும்.

பாதுகாப்பில் தொடங்கினேன்.

"அந்த ஊர்ல திருட்டுப் பயம் அதிகமாம்."

"நம்மகிட்ட திருட என்ன இருக்கு? உங்க டிகிரியையா?"

"சரி, உங்க அக்கா பக்கத்துத் தெருவுல இருக்காங்க. அவங்களைப் பிரிஞ்சு உன்னால இருக்க முடியுமா?"

"அக்கா எங்க என்னைப் பார்க்க வர்றா? மிக்ஸியை இரவல் வாங்க வர்றா. மிக்ஸியை இங்கயே விட்டுட்டுப் போயிட்டா அவ அழக்கூட மாட்டா."

இரண்டு போயிற்று. மிச்சம் இருப்பது பாராட்டு.

"இங்க எல்லாரும் உன்னை எவ்வளவு மெச்சுறாங்க! அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"யாரு மெச்சுறா?"

"எல்லாரும்தான்."

"ஒரு ஆளைச் சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணத் தொடங்கி, முதல் விரலிலேயே நின்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வந்ததுல இருந்து என்னையே நோட்டம் விடுறீங்க. என்னதான் வேணும்?"

"சும்மா... உன்னோட அடிப்படை ஆசை என்னன்னு..."

"இப்போதைக்கு அடி மட்டும்தான். படையெல்லாம் அப்புறம் திரட்டிக்கலாம்."

போன் அலறியது. மேலாளர்!

"சீக்கிரம் சொல்லும்மா! போகலாமா, வேணாமா?"

"உங்க இஷ்டம்."

அப்பாடா! எங்கள் வீட்டில் "உங்க இஷ்டம்" என்றால் "கூடவே கூடாது" என்று அர்த்தம். மீசை வைக்கட்டுமா என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். அன்றோடு மீசை ஆசை போயிற்று. துள்ளிப் போய்ப் போனை எடுத்தேன்.

"சார், எனக்கு ரொம்ப ஆசைதான் சார். ஆனா வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"அப்படியா? அவங்ககிட்ட குடுங்க, நான் பேசறேன்."

பயிற்சி வகுப்பில் இந்தப் பாடம் நடத்தவில்லை. மேலாளரின் குரல் வெளியே வரை கேட்டிருக்க வேண்டும்; அவளே போனை வாங்கிக்கொண்டாள்.

"வணக்கம் சார். நான் எங்க சார் மாட்டேன்னு சொன்னேன்? அவர் இஷ்டம்னுதான் சொன்னேன். அவருக்கே ரொம்ப ஆசைன்னா நான் குறுக்க நிப்பேனா? ஒரு நிமிஷம் சார்."

போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"என்ன இப்படிப் பண்ணிட்ட?" என்று கிசுகிசுத்தேன். "உங்க இஷ்டம்னா வேணாம்னுதானே அர்த்தம்!"

"இந்த ஒரு தடவை நிஜமாவே உங்க இஷ்டம்னு சொன்னேன். போனாலும் சரி, இருந்தாலும் சரி. ஆனா பழியை என் தலையில கட்டிட்டு நீங்க நல்ல பேர் வாங்கக் கூடாது. என் ஆசை என்னன்னு தேடினீங்களே, இதான். உங்களுக்கு என்ன வேணும்னு ஒரே ஒரு தடவை உங்க வாயால கேக்கணும்."

"எனக்குப் போக இஷ்டமில்ல" என்றேன். "பயமா இருக்கு."

சொல்லிவிட்டேனா? நானா? எனக்கே நம்ப முடியவில்லை. அவள் முகம் இளகியது.

"அவ்வளவுதானே? இதுல என்ன தப்பு? இப்ப சொன்னதை அப்படியே சார்கிட்ட சொல்லுங்க." கையை எடுத்துவிட்டுப் போனை என் காதில் வைத்தாள்.

"என்ன தம்பி, என்ன முடிவு?" என்றார் மேலாளர்.

முதுகை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ரொம்ப நன்றி சார். என்னைக்குக் கிளம்பணும்?"