பெட்டிக்கும் ஆகாய யோகம்

விமானக் கம்பெனி பைலட் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது என்று விளம்பரம் வந்ததுதான் தாமதம், அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், பயணப் பெட்டிக் கடையின் மேல்மாடியில், மேகத்தார் கடை விரித்துவிட்டார்.

கம்பெனி சின்னது. பக்கத்து ஊர்களுக்கு மட்டும் பறப்பது. தேர்வில் தேறியவர்களைத் தன் செலவில் பறக்கப் பழக்கும். பதிலுக்கு ஆறு வருஷம் தன்னிடமே வேலை பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். பாதியில் கழன்றுகொண்டால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சேரலாமா, வேண்டாமா? கம்பெனி வாசலில் கேட்டால் விவரம் சொல்வார்கள். அப்புறம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மேகத்தாரிடம் கேட்டால் அந்தத் தொல்லை கிடையாது.

ஆகவே கம்பெனி வாசலில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேகத்தாரின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. இறக்கையைக் காற்று எப்படித் தூக்குகிறது என்று எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் எல்லாம், தங்களைக் காற்று தூக்குமா என்று கேட்க அங்கே வரிசையில் நின்றார்கள்.

மேகத்தார் முன்பு ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஏதோ ஒரு வேலையில் இருந்தாராம். ஒருநாள் ஓடுதளத்தில் நின்றபோது மேகம் ஒன்று கீழே இறங்கி வந்து காதோடு பேசியதாம். எந்த நிலையம், என்ன வேலை, மேகம் எந்த மொழியில் பேசியது என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வரிசையில் இடம் போய்விடும்.

அவருடைய கருவி எளிமையானது. கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளை விமானம். அதைக் கட்டித் தொங்கவிட ஒரு கறுப்பு நூல். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, உச்சந்தலைக்கு மேலே நூலைப் பிடிப்பார். விமானம் வட்டமடித்தால் ஆகாயம் அழைக்கிறது. முன்னும் பின்னுமாக ஆடினால் தரை பிடித்து வைத்திருக்கிறது. தரை பிடித்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தரைக்கட்டு அறுக்கும் உள்ளங்கால் அட்டை ஒரு ஜோடி அவரிடமே கிடைக்கும். செருப்புக்குள் வைத்து நடந்தால் தரை நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும்.

இந்த வரிசையில் நம் எடைக்கல்லும் நின்றான்.

எடைக்கல் என்பது தெருவில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அவன் வேலை தராசு சோதிப்பது. கடை கடையாகப் போவான். முதலில் வெறும் தட்டைப் பார்ப்பான்: ஒன்றும் வைக்காதபோது முள் சும்மா நிற்கிறதா? அப்புறம் ஒரே கல்லை இரண்டு தரம் வைப்பான்: இரண்டு தரமும் ஒரே எடை காட்டுகிறதா? காட்டாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவான்.

"சார், காலையிலகூட நல்லாத்தான் இருந்துச்சு" என்பார் கடைக்காரர்.

"உங்க தராசு சொல்றதை அப்படியே நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்பான்.

கம்பெனித் தேர்வில் அவன் தேறியிருந்தான். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த பிறந்தநாளோடு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால், பறப்பது என்பது அவனுக்குச் சன்னல் ஓரத்து இருக்கை மட்டும்தான். பிடித்தாலோ, நிலையான வேலை போகும். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டும். ஆறு வருஷம் கழுத்தில் கயிறு. இவ்வளவு பெரிய முடிவைத் தானே எடுத்துவிட்டு நாளைக்குத் தவறாகிப்போனால் யாரைத் திட்டுவது? அவனுக்குத் தேவைப்பட்டது யோசனை அல்ல, திட்டுவதற்கு ஓர் ஆள். அதை அவன் தனக்குள் 'வழிகாட்டல்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டான்.

முதல் தடவை போனபோது, மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்த டோக்கன் அக்கா பரிவாக விசாரித்தாள்.

"என்ன தம்பி, மனசு என்ன சொல்லுது?"

"போகணும்னுதான் இருக்குக்கா. சின்ன வயசிலேர்ந்து ஆசை."

"நல்லா வருவீங்க" என்று அவன் சட்டையில் ஒரு நீல வில்லையைக் குத்திவிட்டாள். மேலே விமானம் அழகாக வட்டமடித்தது. எடைக்கல் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனான்.

இரண்டு நாளில் அந்த ஆறு வருஷம் நினைவுக்கு வந்தது. எதையும் இரண்டு தரம் பார்ப்பதுதான் முறை என்று தன்னையே மெச்சிக்கொண்டு மறுபடி போனான்.

"என்ன தம்பி, முகம் வாடியிருக்கு?"

"பயமா இருக்குக்கா. வேலையை விட்டுட்டு..."

"அதானே, கையில இருக்கற வேலை" என்றாள் அக்கா. இந்த முறை பழுப்பு வில்லை. மேலே விமானம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னுமாக ஆடியது.

ஒரே கல், இரண்டு எடை. மளிகைக் கடையாக இருந்தால் அங்கேயே சிவப்புச் சீட்டு. இங்கே நம்மாள் தராசைச் சந்தேகப்படவில்லை. கல்லைச் சந்தேகப்பட்டான். கல் அவன்தான். தனக்குள்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, உள்ளங்கால் அட்டை ஒரு ஜோடி வாங்கிச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு வந்தான்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். கண் நன்றாகத் தெரிகிறவள் என்பதால் அவன் நடையை வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"ஏங்க இப்படித் தத்தித் தத்தி வர்றீங்க? காலு சுளுக்கா?"

"இல்ல. தரைக்கட்டு அறுக்குது."

"என்னது?"

சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பான்.

"வட்டம் அடிச்ச அன்னிக்கு உங்க சட்டையில என்ன கலர் வில்லை?"

"நீலம்."

"இன்னிக்கு?"

"பழுப்பு. நீலம் தீர்ந்துபோயிருக்கும்."

"அக்கா உங்ககிட்ட என்ன கேட்டா, ரெண்டு நாளும்?"

அதையும் சொன்னான். சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் இறங்கிக்கொண்டு போனது.

"எங்க கடைக்குச் சில பேர் வருவாங்க. கண்ணு சரியாத் தெரியாது, ஆனா பலகையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்வாங்க. முன்னாடி நிக்கறவர் படிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. நான் சண்டை போட மாட்டேன். பலகையை மாத்திடுவேன், அவ்வளவுதான்." அவள் அவன் செருப்பிலிருந்து அட்டைகளை உருவி எடுத்தாள். "நீங்க ஒரு தராசைக் கையில எடுத்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"வெறும் தட்டைப் பார்ப்பேன்."

"இதுக்குப் பார்த்தீங்களா?"

"இது... மனுஷங்களுக்கான கருவி" என்றான். சொன்ன பிறகு அந்தப் பதில் தன் காதிலேயே எப்படி விழுந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேகத்தார் மாடிக்கூடத்தில் பொதுக்காட்சி வைத்திருந்தார். திங்களன்று பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர், மாமன் மச்சான் சகிதம் வந்து குவிந்தார்கள். கூட்டம் சேருவதற்கு முன்பே மனைவி ஏற்பாட்டை முடித்துவிட்டாள். கூடத்தின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்திய இரண்டு உருவங்கள். உச்சியில் தொப்பி வைத்த மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

பிறகு கீழே இறங்கி டோக்கன் அக்காவிடம் போனாள்.

"வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மேல உக்காந்திருக்காங்கக்கா. கண்ணுல சொட்டு மருந்து போட்டிருக்கு, வெளிச்சமே படக்கூடாது, பேச்சும் கூடாது. அதான் போர்த்தி உக்கார வெச்சிருக்கேன். நான்தான் கண்ணாடிக் கடையில இருக்கேன்ல."

"அடடா. அவங்க மனசுல என்ன?"

"எங்க வீட்டுக்காரருக்குப் பறக்கணும்னு ஒரே வெறி. தம்பிக்கு இஷ்டமில்ல, மாமனாருக்குப் பயந்து வந்திருக்கான்."

ஒரு நீலம், ஒரு பழுப்பு. வாங்கிப் போய் ஆளுக்கொன்றாகத் துணியின் மேல் குத்தினாள்.

எடைக்கல் கூட்டத்துக்குப் பின்னால் தூணருகே நின்றுகொண்டிருந்தான்.

மேகத்தார் வந்தார். தோளில் நான்கு தங்கக் கோடுகள் போட்ட வெள்ளைச் சட்டை. கூடமே எழுந்து நின்றது. அவர் முதல் உருவத்தின் வில்லையை ஒரு பார்வை பார்த்தார், கண்ணை மூடினார், நூலைப் பிடித்தார்.

"தம்பி, மூச்சை நல்லா இழுத்து விடுங்க." சற்று நேரம் காத்திருந்தார். "ஆங். அருமையா விடுறார்."

விமானம் மெல்ல அசைந்தது. அசைவு வட்டமானது. வட்டம் பெரிதானது.

"ஆகாயம் இவரை வா வான்னு கூப்பிடுது. முப்பது வருஷம் பறப்பார். பெரிய பெரிய ஊரெல்லாம் பார்ப்பார்."

கூட்டம் கைதட்டியது. தூணருகே நின்ற எடைக்கல்லுக்கு, துணிக்குள் இருப்பது என்ன என்று முழுக்கத் தெரியும். தெரிந்தும், 'எனக்கு இவ்வளவு பெரிய வட்டம் அடிக்கலையே' என்று ஒரு கணம் மனசு சுருங்கியது. மூடநம்பிக்கை எவ்வளவு ஆழம் போகும் என்று அளக்க நினைப்பவர்கள் அந்தக் கணத்தை அளந்துகொள்ளலாம்.

இரண்டாவது உருவத்தின் மேல் விமானம் முன்னும் பின்னுமாக ஆடியது. மேகத்தார் உச்சுக் கொட்டினார்.

"இவரைத் தரை கெட்டியாப் பிடிச்சிருக்கு. வீட்டுல பெரியவங்க கட்டாயம். பாவம், உள்ளுக்குள்ள அழுவுறார். அட்டை ரெண்டு ஜோடி வேணும்."

"ஐயா, சொட்டு மருந்து நேரம் முடிஞ்சுது" என்று முன்னே வந்தாள் மனைவி. முதல் துணியை உருவினாள்.

நாற்காலியில் ஒரு பயணப் பெட்டி. கீழ்க் கடையில் வாங்கிய சக்கரப் பெட்டி. கைப்பிடியை மேலே இழுத்து, அதில் தொப்பி மாட்டியிருந்தது.

மேகத்தார் சும்மா சொல்லக்கூடாது, தொழில்காரர். ஒரு இமைப்பொழுதுகூடத் தடுமாறவில்லை.

"பார்த்தீங்களா? நான் என்ன சொன்னேன்? பறக்கும்னேன். பெட்டி பறக்காதா? முப்பது வருஷம் ஊர் ஊராப் பறக்கும். பெட்டிக்கும் ஆகாய யோகம் உண்டு. கருவி பொய் சொல்லாது."

கைதட்டல் முன்னைவிட இரண்டு மடங்காக எழுந்தது. "பெட்டியைக்கூடக் கண்டுபிடிச்சுட்டாரே" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி திரும்பித் தூணைப் பார்த்தாள்.

எடைக்கல்லுக்கு அப்போதுதான், பல நாள் கழித்து, தன் வேலை என்ன என்பது நினைவுக்கு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இரண்டாவது துணியை உருவினான்.

அதே கடையில், அதே அளவில், அதே நிறத்தில் இன்னொரு பெட்டி. ஒட்டிய விலைச்சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை.

"ஐயா, நான் தராசு சோதிக்கறவன். ரெண்டும் ஒரே பெட்டி. இது முப்பது வருஷம் பறக்குது. அது உள்ளுக்குள்ள அழுவுது. அதைக் கட்டாயப்படுத்தின பெரியவங்க யாருங்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான்." நீல வில்லையையும் பழுப்பு வில்லையையும் கழற்றி உயர்த்திக் காட்டினான். "கீழ அக்கா என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, என்ன கலர் குத்தினாங்கன்னு ஒவ்வொருத்தரும் யோசிச்சுப் பாருங்க. ஆகாயம் ஒண்ணும் சொல்லல. நாம படிக்கட்டுல சொன்னதைத்தான் இவர் மாடியில திருப்பிச் சொல்றார். வேணும்னா இப்ப இந்தக் கூடத்துல எல்லாரும் வில்லையைக் கழட்டிடுங்க. ஐயா ஒவ்வொருத்தரா சொல்லட்டும்."

முதலில் ஒரு கை சட்டைக்குப் போனது. அப்புறம் கூடம் முழுக்க ஊசி கழற்றும் சத்தம். வில்லை இல்லாத நெஞ்சுகளைப் பார்த்து மேகத்தாரின் நூல் தானாகவே நின்றுவிட்டது. இன்று மேகமூட்டம் சரியில்லை என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்படிக்கட்டில் இறங்கினார். தண்ணீர் குடிக்க அவ்வளவு தூரம் போனவர் அப்புறம் திரும்பவே இல்லை. டோக்கன் அக்கா அவருக்கு முன்பே போயிருந்தாள்.

எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் கூட்டம் கலையும்போது பெரியவர் ஒருவர் எடைக்கல்லின் தோளைத் தொட்டு ரகசியமாகக் கேட்டார்:

"தம்பி, அந்த வட்டம் அடிச்ச பெட்டி விலைக்கு வருமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பெட்டிகளும் நடுக்கூடத்தில் நின்றன.

"ஆளை விரட்டியாச்சு. நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நீ என்ன சொல்றே?"

"பித்தளை போய் இப்ப நானா? என் தலையில நூலைக் கட்டாதீங்க. சம்பளம் வராத வருஷத்தை நான் சமாளிச்சுக்குவேன், அதை மட்டும்தான் நான் சொல்ல முடியும். போறதா வேண்டாமாங்கறது உங்க பாடு."

எடைக்கல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடத்துக்கு, கம்பெனியின் பயிற்சி விடுதிக்குப் போனான். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். தூக்கம் போதாது என்றான் ஒருவன். எந்த ஊரில் போடுவார்கள் என்று கடைசிவரை தெரியாது என்றான் இன்னொருவன். ஒருத்தி மட்டும் சோப்புக் கையோடு, "முதல்தடவை தனியா மேல போன அன்னிக்கு எனக்கு இறங்கவே மனசு வரல" என்றாள். அவர்களில் யாரும் அவன் தலைக்கு மேலே எதையும் பிடிக்கவில்லை.

திரும்பி நடக்கையில், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். தெருமுனைவரை கூட அது தாங்கவில்லை. திங்கட்கிழமை போய், சேருகிறேன் என்று சொன்னான். தவறிப்போனால் திட்டுவதற்கு ஆள் ஏற்கெனவே தயார்; தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான்.

வகுப்பு தொடங்கிய அன்று பயிற்சி ஆசிரியை பலகையில் இரண்டு உயரமானிகளை வரைந்தார்.

"பறந்துக்கிட்டிருக்கீங்க. ஒரே உயரத்தை ஒரு மானி ஒரு மாதிரி காட்டுது, இன்னொண்ணு வேற மாதிரி காட்டுது. என்ன பண்ணுவீங்க?"

எடைக்கல் காதுமடல் சிவக்க எழுந்தான்.

"முதல்ல மானியைச் சந்தேகப்படுவேன், மேடம். மூணாவது ஒண்ணை வெச்சுச் சரிபார்ப்பேன்."

"சரி. என்ன பண்ணவே கூடாது?"

"செருப்புக்குள்ள அட்டை வைக்கக் கூடாது" என்றான்.

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். நூலில் தொங்கும் பொம்மையைப் பார்த்து ஒருவர் விமானம் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் நீங்கள் அதில் ஏற மாட்டீர்கள். ஏறியிருந்தாலும் குதித்து இறங்கிவிடுவீர்கள். உங்கள் சொந்த வாழ்க்கையை ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அங்கே கண்ணெதிரே தொங்குவது என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.