ரஷ்யாவை உடைத்த காப்பி

எனக்குக் கோபம் நிறைய வரும். ஆனால் வெளியே வராது. நெஞ்சில் கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்து, அங்கே புது ஆள் யாராவது நிற்பதைப் பார்த்துவிட்டு, திரும்பி வயிற்றுக்குள் போய்விடும். (என் அஜீரணத்துக்கு இதுதான் காரணம் என்று டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.) இத்தனை வயதில் ஒரே ஒரு தடவைதான் அந்தக் கோபம் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. அன்றைக்கு நான் சோவியத் ரஷ்யாவை உடைத்துவிட்டேன். நானாகச் சொல்லவில்லை. நாகலூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஓமலூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது வரை படித்தவள். ஏற்காடு மலைமேல் காப்பித் தோட்டத்து வீட்டில் சம்பந்தம் என்றதும் எங்கள் வீட்டில் ஒரே பெருமை. "தெனமும் மணக்க மணக்கக் காப்பி குடிப்பா" என்று என் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் என் மாமியார் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார். கறுப்பாக, வெல்லப்பாகு மாதிரி இனிப்பாக, அடுப்புக்கரி வாசனையோடு ஏதோ இருந்தது. புதுப்பெண்ணுக்குக் கஷாயம் கொடுப்பது இந்த ஊர் வழக்கம்போல என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சாயங்காலமும் அதே கஷாயம் வந்தது. அதுதான் காப்பி.

இந்த மலையில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சின்னக் காட்டுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். பழம் பறித்துத் தண்ணீரில் போட்டால் நல்ல காய் முங்கும், சொத்தை மிதக்கும். முங்கியது மூட்டைக்கு, மிதந்தது வீட்டுக்கு. அந்தச் சொத்தைக் கொட்டையை வடச்சட்டியில் போட்டுக் கருகக் கருக வறுத்தால்தான் பூஞ்சை நாற்றம் போகும். உரலில் இடித்து, பானையில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, வெல்லம் தட்டிப் போட்டுக் குடிப்போம். நல்ல கொட்டை எப்படி ருசிக்கும் என்று என் மாமியாருக்குத் தெரியாது. மாமனாருக்கும் தெரியாது. மூன்று பக்கமும் காப்பிச் செடி சூழ்ந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் மூட்டையை வாங்க வரும் ஜீப் வியாபாரி. தை மாதம் ஆனால் சேலத்திலிருந்து ஜீப்பில் வருவார். களத்தில் காயும் காப்பியை ஒரு கை அள்ளுவார், முகர்ந்து பார்ப்பார், பல்லில் கடிப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி வைத்துக்கொள்வார்.

"ஒலகம் சரியில்லீங்க பெரியவரே."

இதுதான் அவர் விலை சொல்லும் முறை. நான் கல்யாணமாகி வந்த வருஷம் குவைத்தில் சண்டை. "கப்பல் போக மாட்டேங்குதுங்க" என்று விலையைக் குறைத்தார். குவைத் எங்கே, நாகலூர் எங்கே? அந்தச் சண்டையில் யார் ஜெயித்தால் எங்களுக்கு என்ன? ஆனால் அங்கே வெடித்ததற்கு இங்கே மண்ணெண்ணெய் விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, காப்பி மட்டும் இறங்கியது. சரியில்லாத அந்த உலகத்தில்தான் அவர் பழைய ஜீப்பை விற்றுவிட்டுப் புது ஜீப் வாங்கினார். அந்த ஜீப்புக்கு மட்டும் உலகம் ரொம்பச் சரியாக இருந்தது.

அடுத்த வருஷம் ரஷ்யா உடைந்தது.

ரேடியோவில் செய்தி வந்த நாளிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. நம்ம காப்பியை அதிகம் குடிப்பவன் ரஷ்யாக்காரன்தான், அவனே போய்விட்டால் இனி யார் குடிப்பார்கள் என்று எல்லோருக்கும் கவலை. ஒருவர், இனி அமெரிக்கா வைத்ததுதான் சட்டம் என்றார். இன்னொருவர், அமெரிக்காக்காரன் நம்ம காப்பியைத் தொடமாட்டான், அவனுக்குப் பிரேசில் பக்கத்து வீடு என்றார். என் மாமனார் மட்டும் அசரவில்லை.

"அட, கூறு கெட்டவங்களா! அண்ணந் தம்பி பாகம் பிரிச்சா என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு அடுப்பு வெப்பான். ஒரு அடுப்பு இருந்த எடத்துல பத்துப் பதினஞ்சு அடுப்பு எரியும். அடுப்பு கூடுனா காப்பித்தூளு கொறைவா வேணுமா, கூட வேணுமா?"

வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொன்னார். எனக்கு அது அசைக்க முடியாத நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அடுப்புக் கணக்கில் நம்பிக்கை இல்லை. "இந்த வருசமும் அந்தாளு பாதி வெலை சொன்னா நான் திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போறேன் புள்ள. இங்க இருந்து என்ன பண்றது?" என்றார். அப்போது நான் மாசமாக இருந்தேன். மலைமேல் மாமியார் மாமனாரோடு என்னை விட்டுவிட்டு அவர் போகிறார் என்றால் அது ரஷ்யாவால். ரஷ்யா என்று சொல்லும் அந்த வியாபாரியால். கோபம் தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை அதைத் திரும்பிப் போக விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் திட்டம் இதுதான். வியாபாரி வரும்போது எங்கள் மூட்டையிலிருந்தே நல்ல கொட்டையை எடுத்து, வறுத்து, முதல்தரமான காப்பியாகப் போட்டுக் கொடுப்பது. அவர் குடித்து, கண் செருகி, "ஆகா" என்பார். உடனே நான் முன்னே வந்து, "ஏனுங்க, இந்தக் காப்பியவா ஒலகத்துல ஒருத்தனும் வேண்டாங்கறான்?" என்று கேட்பேன். அவர் திணறுவார். அப்போது அடுப்புக் கணக்கை எடுத்து விடுவேன். அவர் சுருண்டு போய் விலையை ஏற்றுவார். பாத்திரம் கழுவும்போதெல்லாம் இந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். கொல்லையில் கட்டியிருந்த பசுமாடு இரண்டு தடவை தலையாட்டியது.

மாமியாரிடம் கேட்டேன். "நல்ல கொட்டையவா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூட்டையில் கை வைப்பது அவருக்குச் சாமி உண்டியலில் கை வைப்பது மாதிரி. பிறகு மகன் திருப்பூர் போவதை நினைத்தாரோ என்னவோ, "ஒரு படி எடுத்துக்க கண்ணு. மாமனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டில் காப்பி பில்டர் இரவல் வாங்கினேன். ரைட்டர் சம்சாரம் நல்ல மாதிரி. "இதுல போடத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். "தெரியுங்க" என்றேன். (தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த ஒரு சொல்லுக்கு நான் கட்டிய அபராதம் கொஞ்சமில்லை.)

வியாபாரி வருகிற நாள் வந்தது. கொட்டையைத் தோல் நீக்கிப் புடைத்து வடச்சட்டியில் போட்டேன். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்? எனக்குத் தெரிந்தது ஒரே வறுவல்தான். சொத்தைக்கு வறுப்பது மாதிரியே வறுத்தேன். கொஞ்ச நேரத்தில் இதுவரை அந்த வீட்டில் நான் முகராத ஒரு வாசனை எழுந்தது. மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்று, "என்ன கண்ணு, இப்பிடி மணக்குது?" என்றார். அந்த நொடியில் இறக்கியிருந்தால் உலக வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் மாமியார், "இன்னும் கருகலையே, நல்லா வறு" என்றார். வறுத்தேன். கன்னங்கரேல் என்று, எண்ணெய் கக்கி, புகை கிளம்பும் வரை வறுத்தேன். மணம் வந்த வழியே போய்விட்டது. அதைப் பூஞ்சை போனதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டோம்.

உரலில் இடித்தால் ரவை மாதிரி வந்தது. பில்டரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் அப்படியே கீழே இறங்கியது. வெளியே ஜீப் சத்தம் கேட்டது. பதறிப்போய் பில்டரில் இருந்த தூள், தண்ணீர் எல்லாவற்றையும் பானையில் கொட்டி, வழக்கம்போலத் தளதளவென்று கொதிக்க விட்டேன். வெல்லம் போடவில்லை, முதல்தரமான காப்பிக்குச் சர்க்கரைதான் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் இருந்த சர்க்கரை ஒரு கரண்டிக்குத்தான் வந்தது. மசக்கையில் எனக்கு அந்த நெடி ஆகவில்லை. ருசி பார்க்காமல் டம்ளரில் ஊற்றினேன்.

முன்கட்டில் வியாபாரி ஆரம்பித்திருந்தார். "நான் என்னங்க பண்ணட்டும்? ரஷ்யாவே இல்லீங்களே. வித்தா யாருக்கு விக்கறது?"

"அவிங்க பாகந்தானுங்க பிரிச்சிருக்கறாங்க" என்றார் மாமனார்.

நான் டம்ளரோடு போனேன். வீட்டுக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். நான் அன்னிய ஆண்கள் முன் போவது அதுதான் முதல் தடவை. வியாபாரி டம்ளரை வாங்கி ஒரு பெரிய மிடறு குடித்தார்.

அவருடைய கண் செருகியது உண்மை. ஆனால் நான் நினைத்த மாதிரி அல்ல. இரண்டு கன்னமும் உப்ப, வாயை மூடியபடி அவர் வீட்டுக்குள் சுற்றுமுற்றும் பார்த்தார். துப்ப இடமில்லை. விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு தூள் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். ஆனால் மாடு முன்னால் அத்தனை நாள் பழகிய வசனம். முகத்தைப் பார்க்காமல் நிலைக்கதவைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி உரக்கக் கேட்டேன்:

"ஏனுங்க, இந்தக் காப்பியவா ஒலகத்துல ஒருத்தனும் வேண்டாங்கறான்?"

வியாபாரி மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க அம்மிணி. இதேதானுங்க" என்றார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, "பெரியவரே, ரஷ்யா பாகம் பிரிஞ்சதுன்னு சொன்னீங்களே, ஏன்னு இப்பத்தானுங்க தெரியுது. எந்த ஊட்டுலயும் மருமவ கைப்பக்குவத்துலதானுங்களே பாகம் பிரியும்! இங்கிருந்து போன காப்பியக் குடிச்சுப் போட்டுத்தான் அவன் ஒடஞ்சே போனான்!" என்றார்.

அவருடைய டிரைவர் சிரித்தான். மாமனார் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அடுப்புக் கணக்கு என் தொண்டையிலேயே நின்றது. நான் உள்ளே ஓடினேன்.

சிரித்து முடித்த சூட்டோடு அவர் பாதி விலை சொன்னார். ஒருவராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. சிரித்தபின் எப்படிச் சண்டை போடுவது? மூட்டைகள் ஜீப்பில் ஏறின. களத்தில் கடித்துப் பார்த்துத் தலையாட்டிய மனிதருக்கு அந்தக் கொட்டையின் தரம் தெரியாதா? என் கருகல் காப்பிக்கும் மூட்டைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு புதுப்பெண்ணின் வெட்கத்தை எடைக்கல்லாகத் தராசில் வைத்து நிறுத்தார்.

வீட்டுக்காரர் திருப்பூர் போனார். மகள் பிறந்தாள். அவள் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் அவர் பார்க்கவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தவரைப் பார்த்து அவள் பயந்து அழுதாள். தண்ணீர்க் குழாயடியில் எனக்கு "ரஷ்யாக்காரி" என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு ஒரு ஆடி மாதம், பிரேசிலில் பனி கொட்டிக் காப்பிச் செடியெல்லாம் கருகிவிட்டதாக ரேடியோ சொன்னது. அந்த வாரமே ஜீப் வந்தது. செடியில் காய் இன்னும் பச்சையாக இருந்தது. வியாபாரி கையில் சுவீட் டப்பா. நாங்கள் கேட்காமலேயே இரண்டு மடங்கு விலை சொன்னார்.

"உங்க ஊட்டுக்காகத்தானுங்க கூட்டிக் குடுக்கறேன்."

என் மாமியார் விடவில்லை. "பிரேசில்ல பனியில செடியெல்லாம் போயிருச்சுன்னு ரேடியோப்பொட்டியில சொன்னாங்களே சாமி?"

"அப்பிடிங்களா?" என்றார் வியாபாரி. "நான் ரேடியோ எல்லாம் கேக்கறதில்லீங்க."

குவைத்துக் கப்பலை எண்ணிய மனிதர்! விலை இறங்கினால் உலகம் காரணம், ஏறினால் அவர் மனசு காரணம். "காப்பி குடிக்கறீங்களா?" என்று மாமியார் கேட்டார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

வீட்டுக்காரர் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்தார். வாசலில் நின்றபடி அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்புள்ள, பிரேசிலுக்கும் நீதான் காப்பி போட்டு அனுப்புனியா?" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. பிரேசிலிலும் என்னைப்போல ஒருத்தி இருப்பாள். அவள் புருஷன் அந்த ஊர்த் திருப்பூருக்குக் கிளம்பியிருப்பான். அவன் போனால்தான் இவர் வருவார் என்று இந்த உலகத்தை யார் இப்படிக் கட்டி வைத்தார்கள்? வந்தவரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே இதற்கும் கோபப்பட்டேன்.

இப்போது எனக்கு நன்றாக வறுக்கத் தெரியும். ரைட்டர் சம்சாரத்திடம் வெட்கத்தை விட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் முங்குகிற காயில் முதல் படி வீட்டுக்குத்தான், அப்புறம்தான் மூட்டை. ஆனாலும் பேர் போகவில்லை. உலகத்தில் எங்கே எது சரிந்தாலும் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். கொரோனா முடிந்த கையோடு அமெரிக்காவில் பெரிய பெரிய பேங்க்கெல்லாம் மூடியபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். அவள் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உலக நிலைமை சரியில்லை என்றாராம்.

"ஏம்மா, அமெரிக்காவுக்கு எப்பம்மா காப்பி அனுப்புன?" என்று கேட்டாள். சிரித்தாள், சிரிப்புக்கு அடியில் குரல் நடுங்கியது.

எனக்குத் தொண்டையில் பழைய கோபம் வந்து நின்றது.

"அந்த மேனேஜரு ஊட்டு அட்ரஸ வாங்கி வையி கண்ணு" என்றேன். "வடச்சட்டி இன்னும் என்கிட்டத்தான் இருக்குது."